தோப்பும்படிப் பாலமும் எங்கள் ஊர்த் தண்ணீரும்

மன்ற மலருக்குப் பயணக் கட்டுரை ஒன்று தரவேண்டும் என்று ஆசிரியர் குழு நண்பர் கேட்டபோது, நான் சிறிது நேரம் விழித்தேன். தாஜ்மகாலை நான் கண்டதில்லை, காசியையும் கண்டதில்லை. விடுமுறை வந்தால் மாட்டுப்பட்டி, விடுமுறை முடிந்தால் விடுதி, இடையில் ஆலுவாய் பஸ் நிலையத்துத் தேநீர். என் உலகப் பயணம் இவ்வளவே. எனினும் சென்ற ஆடி மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் நகரப் பஸ்ஸில் ஏறி ஒரு பாலத்துக்குப் போய்வந்தேன். அதைப் பற்றி எழுதுகிறேன். பாலத்தைப் பற்றி மட்டும் எழுதி நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். எழுதத் தொடங்கிய பிறகு அது கூடவில்லை.

கொச்சி வில்லிங்டன் தீவிலிருந்து மேற்கே தோப்பும்படிக் கரைக்குச் செல்லும் பழைய துறைமுகப் பாலத்தை நண்பர்களில் பலர் பார்த்திருக்கலாம். பக்கத்திலேயே புதிய பாலம் வந்துவிட்டமையால் பெரிய வண்டிகளெல்லாம் அதன் வழியே போய்விடுகின்றன. பழைய பாலத்தில் சிறு வண்டிகளும், நடப்போரும், தூண்டில்காரர்களுமே மிச்சம். 1920இல் ராபர்ட் பிரிஸ்டோ என்னும் ஆங்கிலப் பொறியாளர் கொச்சிக்கு வந்தார். கழிமுகத்தை மறித்துக் கிடந்த மணல் திட்டை வெட்டி ஆழமாக்கினார். 1928இல் பெருங்கப்பல் உள்ளே வந்தது. தோண்டி எடுத்த மண்ணை வெண்டுருத்தி என்ற சிறு தீவை ஒட்டிக் கொட்டிக் கொட்டியே ஒரு பெருந்தீவை எழுப்பி, அதற்கு வைசிராய் வில்லிங்டனின் பெயரை இட்டார்கள். அத்தீவுக்கும் மேலைக் கரைக்கும் இடையே 1943இல், உலகப் போர் நடந்துகொண்டிருந்த வேளையில், எழுந்தது இந்தப் பாலம். நடுப்பகுதி கப்பலுக்கு வழிவிட்டு மேலே உயரும்படி அமைக்கப்பட்டது. இன்று அதைத் தூக்குவதில்லை. தூக்கினால் தூண்டில்காரர்கள் எங்கே போவார்கள்?

ஆம், இந்தப் பாலத்தின் குடிமக்கள் அவர்கள்தாம். ஞாயிறு விடிந்தால் கைப்பிடிச் சுவரோரம் வரிசையாக நிற்பார்கள். ஓய்வுபெற்ற அலுவலர் சுழல்சக்கரம் வைத்த விலையுயர்ந்த தூண்டிலுடன் நிற்பார். அவர் பக்கத்தில் ஆட்டோ ஓட்டுநர் ஒரு பிளாஸ்டிக் புட்டியில் நரம்பைச் சுற்றிக்கொண்டு நிற்பார். பள்ளிச் சிறுவர், வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் கட்டட வேலைக்கு வந்த இளைஞர், வாத்துருத்தியிலிருந்து நடந்தே வரும் நம்மவர் என எல்லோரும் ஒரே சுவரில் முழங்கையை ஊன்றியிருப்பார்கள். வாத்துருத்தியை அறியாதவர்க்காகச் சொல்கிறேன்: தீவின் ஓரத்தில் தமிழ்க் கூலித் தொழிலாளர்கள் நெடுங்காலமாக நெருக்கியடித்து வாழும் குடியிருப்பு அது. ஞாயிற்றுக்கிழமை அங்கே போனால் திண்டுக்கல்லில் நிற்கிறோமோ என்று ஐயுறுவீர்கள்.

பாலத்துக்கென்று எழுதப்படாத சட்டங்கள் உண்டு. ஒருவர் நின்ற இடத்தில் மறுவாரம் இன்னொருவர் நிற்கலாம். ஆனால் அவர் வந்துவிட்டால் விலகவேண்டும். வாளியை எட்டிப் பார்க்கலாம். எத்தனை பிடித்தீர் என்று கேட்கக்கூடாது. இரை தீர்ந்தவனுக்கு இறால் கடன் கொடுக்கலாம். தூண்டில் முள்ளைக் கடன் கொடுக்கலாகாது. கரிமீனும் மடவையும் கெளிறும் கிடைக்கும். கொடுவா மாட்டினால் அன்று திருவிழா. பாலமே திரும்பிப் பார்க்கும். நான் போனபோது விசைப்படகுகளுக்கான 52 நாள் மழைக்காலத் தடை நடந்துகொண்டிருந்தது. சந்தையில் மீன் விலை ஏறும் அந்நாட்களில் பாலத்தில் கூட்டம் சற்று மிகும் என்றார்கள்.

நான் மீன் பிடிக்கப் போகவில்லை. என் ஆய்வுப் பணி உப்பைப் பற்றியது. மழைக்காலத்தில் ஆறுகள் கொண்டுவரும் நன்னீர் காயலின் மேற்பரப்பில் பரவும். கனமான கடல்நீர் அதன் அடியில் ஆப்பு வைத்தாற்போல் உள்ளே நுழையும். ஒரே இடத்தில், சில முழ ஆழத்துக்குள், இரண்டு நீர்கள்! இதைப் படித்திருந்தேன், என் கையால் அளந்து பார்க்கவேண்டும் என்று ஆசை. கயிறும் ஈயக்குண்டும் கட்டிய மாதிரிப் புட்டிகளைப் பைக்குள் திணித்துக்கொண்டு புறப்பட்டேன்.

இன்னோர் ஆசையும் இருந்தது. அது அறிவியலன்று; அதனால் என் பேராசிரியரிடம் சொல்லவில்லை. மாட்டுப்பட்டியில் எங்கள் லயத்து வாசலில் நின்றால் அணைக்கட்டின் நீர் தெரியும். 1953இல் கட்டிய அணை. அதன் மேலேயே குண்டளைக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் போகும் சாலை. சிறுவனாக இருந்தபோது அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு அந்தச் சாலையில் நடக்கையில் ஒருநாள் கேட்டேன்: "இந்தத் தண்ணி எங்கப்பா போகுது?"

"கீழ."

"கீழன்னா எங்க?"

"கீழன்னா கீழதான்" என்றார் அப்பா. கொழுந்துக் கூடைக்கும் எடைத்தராசுக்கும் இடையில் ஓடியவருக்கு அதற்குமேல் ஆராய ஏது நேரம்?

விடையை நான் வரைபடத்தில் கண்டுகொண்டேன். அந்த நீர் மூணாற்றுக்கு இறங்கி முதிரப்புழையாகிறது. 1940இல் தொடங்கிய பள்ளிவாசல் மின்நிலையத்தின் சக்கரங்களைச் சுற்றுகிறது. பிறகு செங்குளம், பிறகு நேரியமங்கலம் என ஒவ்வொரு படியிலும் வேலை செய்துவிட்டுத்தான் இறங்க விடுகிறார்கள். (எங்கள் ஊர் மனிதர்களைப் போலவே!) பெரியாற்றில் சேர்ந்து, ஆலுவாயில் கொச்சி நகரத்துக்குக் குடிநீராகி, மிஞ்சியது காயலில் கலக்கிறது. இந்த ஆற்றைச் சாதுவென்று எண்ணிவிடவேண்டா. நம் சங்க நூல்கள் புகழும் முசிறித் துறையை 1341இல் வந்த பெருவெள்ளம் தூர்த்துவிட்டுக் கொச்சியின் வாயைத் திறந்தது என்பர் வரலாற்றாசிரியர். 1924 வெள்ளத்தில் எங்கள் மலையிலிருந்த சிறு ரயில் பாதையும் போயிற்று. மாட்டுப்பட்டி வழியாக ரயில் ஓடியது என்று சொன்னால் இன்று எங்கள் ஊர்ப் பிள்ளைகளே நம்புவதில்லை.

ஆக, எங்கள் ஊர்த் தண்ணீரைத் தோப்பும்படியில் சந்திக்கப் போனேன். உண்மையைச் சொன்னால், பாலத்தடியில் ஓடுவதில் பெரும்பங்கு தெற்கேயிருந்து வரும் மூவாற்றுப்புழை போன்ற ஆறுகளின் நீராக இருக்கலாம். பெரியாற்று நீர் வடக்கேயிருந்து வந்து கழிமுகத்தில் கலந்து, ஏற்றத்தின்போதுதான் இந்தப் பக்கம் தள்ளப்படும். எந்தத் துளி எந்த ஊர் என்று என் ஆய்வகத்தில் பிரித்தறிய முடியாது. ஆனாலும் போனேன்.

முதல் ஞாயிறு. மழை ஓய்ந்திருந்தது. கைப்பிடிச் சுவரில் சாய்ந்து புட்டியை இறக்கினேன். எனக்கு இடப்புறம் மெலிந்த பெரியவர் ஒருவர், முண்டாசும் காக்கிக் கால்சட்டையுமாக நின்றார். வலப்புறம் இளைஞர் ஒருவர். அவருக்கு அப்பால் வெள்ளை வேட்டி உடுத்த முதியவர். புட்டிக்குள் என்ன பிடிக்கிறாய் என்று இளைஞர் மலையாளத்தில் கேட்டார். உப்பு பிடிக்கிறேன் என்றேன் மலையாளத்தில். எல்லோரும் சிரித்தார்கள். எந்த ஊர் என்றார். "மூணாறு" என்றேன். பள்ளி முதல் மலையாளத்திலேயே படித்தவன் நான். என் பேச்சில் குறை காண இயலாது. அவர் அதற்குமேல் வினவவில்லை, நானும் விளக்கவில்லை.

சிறிது நேரத்தில் நீரோட்டம் திரும்பியது. பெரியவரின் நரம்பு என் புட்டிக் கயிற்றைத் தாண்டிப் போய் இளைஞரின் நரம்போடு சிக்கிக்கொண்டது. நீரோட்டத்தின் குற்றம் அது. இளைஞர் பெரியவரை நோக்கி, "பாண்டி!" என்று தொடங்கி, அங்கே தள்ளி நில்லடா என்று முடித்தார். தம் தந்தையின் வயதுள்ளவரை.

நண்பர்களே, அந்தச் சொல்லை உங்களிற் சிலர் கேட்டிருப்பீர்கள். நம் மன்ற மேடையில் பாண்டியன் என்று ஒருவர் முழங்கினால் கைதட்டுகிறோம். கடைசி எழுத்துகள் இரண்டை வெட்டிவிட்டால் அதே சொல் இங்கே கல்லாகிவிடுகிறது. பள்ளிக்கூடத்தில் என் முதுகில் விழுந்த கல் அது. விடுமுறைக்குப் போடியில் உறவினர் வீட்டுக்குப் போனால், "மலையாளத்தான் வந்துட்டான்" என்று அங்கே வேறு கல். கங்காணியின் பின்னே கொட்டகுடி வழியாக மலையேறினார் என் பாட்டனின் தந்தை. அவர் நட்ட தேயிலை இன்றும் துளிர்க்கிறது. 1956 நவம்பர் முதல் நாள் எல்லை வகுத்தபோது கன்னியாகுமரிப் பக்கத்துத் தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றுவிட்டன. நாங்கள் எங்கும் இடம்பெயரவில்லை. கோடுதான் எங்களைத் தாண்டிப் போயிற்று. இதையெல்லாம் நான் நன்றாகவே அறிவேன். பேச்சுப் போட்டியில் பேசச் சொன்னால் பரிசும் பெறுவேன்.

ஆனால் பாலத்தின்மீது நான் ஒன்றும் பேசவில்லை. புட்டியின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

பேசியவர் வெள்ளை வேட்டி முதியவர். கொச்சிக்காரர். "இந்தப் பாலத்தை உன் அப்பனா கட்டினான்? வாயை மூடிக்கொண்டு சிக்கலைப் பிரி" என்று மலையாளத்தில் இளைஞரை அதட்டினார். இளைஞர் முணுமுணுத்துக்கொண்டே நரம்பைப் பிரித்தார். பெரியவரும் தம் பங்குக்கு அமைதியாகப் பிரித்தார்.

அந்த நேரம் பார்த்து என் கைப்பேசி அலறியது. அம்மா. மலையில் அலைவரிசை சரியாகக் கிடைப்பதில்லையாகையால் எங்கள் ஊரார் கைப்பேசியில் கத்தித்தான் பேசுவார்கள். காதில் வைக்குமுன்பே அம்மாவின் குரல் பாலமெங்கும் பரவியது: "தம்பி, சாப்ட்டியாப்பா? அங்க மழ எப்படி?"

அடுத்து நான் செய்ததை எழுதக் கை கூசுகிறது. வலப்புறம் இளைஞர் நின்றார். சற்றுமுன் நான் அவருக்கு "மூணாறு"க்காரன். என் தாய்க்கு நான் மலையாளத்தில் விடை சொன்னேன். "ஆ, கழிச்சு. பின்னெ விளிக்காம்" என்றேன்.

மறுமுனையில் சற்று நேரம் ஓசையில்லை. பிறகு அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார்: "யாருங்க பேசுறது? இது எம் பையன் நம்பருங்க..."

நான் இணைப்பைத் துண்டித்தேன். புட்டிகளைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தேன். இடப்புறம் நின்ற பெரியவரை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

இரவு அம்மாவை அழைத்து, நண்பன் ஒருவன் விளையாட்டாகப் பேசிவிட்டான் என்று சொன்னேன். "அதானே பாத்தேன்!" என்று அம்மா சிரித்தார். நம்பினாரா என்பது இன்றுவரை தெரியாது.

திங்கட்கிழமை ஆய்வகத்தில் உப்பளவு கண்டேன். வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலைத் துளித்துளியாக விட்டு, குடுவையின் மஞ்சள் நிறம் செங்கல் நிறத்துக்குத் திரும்பும் அந்தக் கணத்தில் நிறுத்தவேண்டும். ஒரு துளி மிகுந்தால் கணக்குக் கெட்டது. மூன்று முறை தவறவிட்டேன். நான்காம் முறை சரியாக வந்தது. மேல்நீரில் ஆயிரத்தில் 3 பங்கு உப்பு, அடிநீரில் 26. புத்தகம் பொய்க்கவில்லை. அன்று அதில் மகிழ்ச்சி உண்டாகவில்லை.

இங்கே இன்னொன்றையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். முதலாண்டில் நான் நம் மன்றத்தில் ஏன் சேரவில்லை என்று செயலாளர் கேட்டபோது ஆய்வக வேலை மிகுதி என்றேனல்லவா? அது பொய். அறிவிப்புப் பலகையில் உறுப்பினர் பட்டியலை ஒட்டுவார்கள் என்பதுதான் காரணம்.

மறு ஞாயிறு மீண்டும் போனேன். மாதிரி எடுக்க என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பையில் இரண்டு புட்டிகள்தாம் இருந்தன. பெரியவர் அதே இடத்தில் நின்றார். என்ன சொல்லித் தொடங்குவது என்று பஸ்ஸில் வரும்போதே பாடம் செய்து வைத்திருந்தேன். "ஐயா, அன்று..." என்று வாயெடுக்குமுன் அவர் தூண்டிலிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்:

"அம்மாவுக்குத் திருப்பிப் போன் போட்டீங்களா தம்பி?"

பாடமெல்லாம் மறந்துபோயிற்று. போட்டேன் என்று தலையசைத்தேன்.

"பாவம், பயந்துட்டாங்க. எனக்கே கேட்டுச்சு" என்றார். அவ்வளவுதான். பாண்டி என்ற சொல்லைப் பற்றியோ நான் வாய் திறவாமல் நின்றதைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. நானாகத் தொடங்கியபோதும், "அட விடுங்க, நரம்பு சிக்குனா நாலு வார்த்தை வரத்தான் செய்யும்" என்று தள்ளிவிட்டார். அவர் அப்படித் தள்ளியது எனக்கு நிம்மதி தரவில்லை. கோபித்துக்கொண்டிருந்தால் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்திருப்பேன்.

ஊர் வத்தலக்குண்டுப் பக்கம். கொத்தனாருக்குக் கையாளாக வந்து முப்பது ஆண்டுகள் ஆயிற்றாம். "அப்பல்லாம் காலையில வேலைக்கு ஆள் எடுக்குற முக்குல நின்னா நம்மாளுகதான். இப்ப வடக்க இருந்து வந்த பயலுகதான் அதிகம். பாவம், அவங்களுக்கும் பேரு வச்சிருக்காங்க" என்றார். ஊரில் கண்மாய் வற்றும்போது விராலும் கெண்டையும் பிடித்துப் பழகிய கை. உப்புத் தண்ணீரைப் படிக்க இரண்டு வருடம் பிடித்ததாம்.

"மழ பெஞ்சா மேல்தண்ணி சப்புன்னு இருக்கும் தம்பி. அடியில கரிக்கும். மேல விட்டா சின்னச் சில்லறதான் கடிக்கும். கொடுவா வேணும்னா ஈயத்தக் கூட்டி அடிக்கு விடணும்."

நான் வாயடைத்து நின்றேன். மூன்றும் இருபத்தாறும்! என்னிடம் குடுவையும் வெள்ளி நைட்ரேட்டும் பல்கலைக்கழகமும் இருந்தன. அவரிடம் நாக்கும் பொறுமையும் இருந்தன. என் குறிப்பேட்டைத் திறந்து எண்களைக் காட்டினேன். ஆர்வமாகப் பார்த்தார். "இத வச்சு மீன் புடிக்கலாமா?" என்றார். முடியாது என்றேன். "அப்பறம்?" என்றார். அந்த ஒற்றைச் சொல்லுக்கு நம் துறைத் தலைவராலும் விடை சொல்லியிருக்க முடியாது என்றே கருதுகிறேன்.

பிறகு நான் எங்கள் அணையைப் பற்றிச் சொன்னேன். மாட்டுப்பட்டி, முதிரப்புழை, மூன்று மின்நிலையங்கள், பெரியாறு, ஆலுவாய் எனச் சுவரின்மேல் விரலால் கோடு போட்டுக் காட்டினேன். மூவாற்றுப்புழையைப் பற்றிய ஐயத்தையும் மறைக்கவில்லை. அவர் கேட்டுக்கொண்டே வந்து, கடைசியில் காயலை ஒரு புதுப் பார்வை பார்த்தார்.

"அப்ப முப்பது வருசமா உங்க ஊருத் தண்ணியிலதான் மீன் புடிச்சிருக்கேனா? வாடகை கேட்டுடாதீங்க!"

வெள்ளை வேட்டி முதியவர் எங்கள் சிரிப்பைக் கேட்டுத் திரும்பினார். என்ன செய்தி என்றார். நான் மலையாளத்தில் அவருக்கும் சொன்னேன். இம்முறை மாட்டுப்பட்டி என்று ஊர்ப் பெயரையும், அப்பாவும் அம்மாவும் தோட்டத் தொழிலாளிகள் என்பதையும், வீட்டு மொழி தமிழ் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். சொல்லும்போது என் குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது என்று நினைக்கிறேன். அவருக்கு அதில் வியப்பொன்றும் இல்லை. மூணாற்றில் அப்படித்தானே இருப்பார்கள் என்றார். தேயிலை என்ன விலை என்று கேட்டார். இளைஞரை அன்று காணவில்லை. அவர் முன்னாலும் இதே குரலில் சொல்லியிருப்பேனா என்று இரவெல்லாம் எண்ணிக்கொண்டிருந்தேன்.

பெரியவர் தம் இரண்டாவது நரம்பை என்னிடம் தந்தார். ஒரு மணி நேரம் பிடித்துக்கொண்டு நின்றேன். என் முள்ளிலிருந்த இறாலை நண்டு மூன்று தடவை தின்றுவிட்டுப் போயிற்று. ஏற்றம் தொடங்கிப் பாலத்தடியில் நீர் உள்நோக்கி ஓடலாயிற்று. கைப்பேசியை எடுத்து அம்மாவை அழைத்தேன். எங்கள் ஊர் வழக்கப்படி கத்தினேன்: "அம்மா, பாலத்துல நிக்கிறேன். நம்ம டேம் தண்ணி இங்கதான்மா வருது. அப்பாகிட்டச் சொல்லு!"

"டேம் தண்ணியா? அங்க என்னடா பண்ற? மழையில நனையாத!" என்றார் அம்மா. பக்கத்தில் யார் என்றும் கேட்டார். வத்தலக்குண்டு ஐயா ஒருவர் என்றேன். கொடு என்றார். கொடுத்தேன்.

இருவரும் முன்பின் அறியாதவர்கள். ஆனால் பத்து நிமிடம் பேசினார்கள். வெங்காய விலை, முழங்கால் வலி, மழையில் ஒழுகும் கூரை, பிள்ளைகளின் படிப்பு என்று பேச்சு ஓடியது. பெரியவர் ஒரு கையில் கைப்பேசியும் மறு கையில் நரம்புமாக நின்றார். "நல்ல புள்ளதாம்மா. மீன் புடிக்கத்தான் தெரியல" என்று என்னைப் பற்றி எடுத்துச் சொன்னார். பிறகு அவர் கை சட்டென்று விறைத்தது. நரம்பு இறுகி அடிநீருக்குள் சாய்ந்தது.

"கடிக்குதும்மா, வைக்கிறேன்!" என்று கைப்பேசியை என் சட்டைப் பைக்குள் திணித்தார்.